கூச்சக்கார சாசேஜ் நாயைத் தத்தெடுத்தவர்களுக்கு: கேள்வியும் பதிலும்

மீட்கப்பட்ட நாய்களை வீட்டில் வைத்துப் பழக்கி, நல்ல குடும்பம் அமைந்ததும் அனுப்பி வைப்பது மலேசியாவின் பினாங்கில் எனக்குப் பல வருஷ வேலை. அதில் டாக்ஸ்ஹண்ட், அதாவது நம் ஊரில் எல்லோரும் சாசேஜ் நாய் என்று சொல்வது, நிறையவே வந்து போயிருக்கிறது. நான் டாக்டர் இல்லை. மருந்து, மாத்திரை எல்லாம் உங்கள் வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பழக்குவது, பராமரிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்ப் பெயரைப் போட்டிருக்கிறேன்.

ஜெலுத்தோங்: அக்கா, போன வாரம் காப்பகத்திலிருந்து ஒரு வயதுப் பெண் டாக்ஸ்ஹண்டைத் தத்தெடுத்தோம். லட்டு என்று பெயர் வைத்தோம். வந்ததிலிருந்து சோபாவுக்கு அடியிலேயே கிடக்கிறது. நாங்கள் தூங்கிய பிறகுதான் சாப்பிடுகிறது. "அதுக்கு நம்மள பிடிக்கலையா"ன்னு பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ராத்திரி சாப்பிடுகிறது அல்லவா, அது நல்ல செய்தி. சாப்பாடு, தண்ணீர், மூத்திரம், மலம் எல்லாம் ஒழுங்காக இருந்தால் அவசரமே இல்லை. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை, வாந்தி, இரத்தம் கலந்த பேதி என்றால் மட்டும் உடனே வெட்டிடம் ஓடுங்கள்.

சோபாவுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள், துடைப்பத்தை விட்டுத் தள்ளவும் வேண்டாம். ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்கிற மிருகத்தை வேட்டையாட வளர்த்த இனம் இது. இருட்டான, குறுகலான இடத்தில்தான் அதற்குத் தைரியம். அதைவிட நல்ல வளையாக ஒன்றை நீங்களே கொடுங்கள். கூண்டு அல்லது பெரிய அட்டைப்பெட்டியைச் சுவர் ஓரமாக வைத்து, மேலே துணி போட்டு, உள்ளே பழைய போர்வை ஒன்றைக் கசக்கி வையுங்கள். அதற்குள் புதைந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டும். அது உள்ளே இருக்கும்போது யாரும் கையை விடக்கூடாது. இதை வீட்டுச் சட்டமாகவே ஆக்கிவிடுங்கள்.

அப்புறம் நீங்கள் செய்ய வேண்டியது சும்மா இருப்பது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுதான் கஷ்டம். தரையில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து போனைப் பாருங்கள். லட்டுவைப் பார்க்க வேண்டாம், கூப்பிட வேண்டாம். அவித்த கோழியைக் கடலைப்பருப்பு அளவுக்குப் பிய்த்து, அவ்வப்போது ஒரு துண்டை அதற்குப் *பின்னால்* விழுகிற மாதிரி போடுங்கள். முன்னால் போட்டு உங்கள் பக்கம் இழுத்தால், ஆசைக்கும் பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பின்னால் போய் எடுத்துத் தின்றுவிட்டு, "இன்னொன்று கிடைக்குமா" என்று தானாகத் திரும்பி வருகிற ஒவ்வொரு முறையும் உங்களிடம் வருவதை அதுவே முடிவு செய்கிறது. கூச்சமான நாய்க்கு அந்த முடிவு அதனுடையதாக இருக்க வேண்டும். இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சினால் அசையாமல்தான் இருக்கும். அது சுகம் இல்லை, உறைந்துபோய் இருக்கிறது. உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிவது எல்லாம் "என்னை விட்டுவிடு" என்பதற்கு அடையாளம்.

பிள்ளைகளுக்கு ஒரே விதி: நாம் நாயிடம் போவதில்லை, நாய்தான் நம்மிடம் வரும். வந்தால் தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழே, நெஞ்சில் மூன்று எண்ணும்வரை தடவிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மூக்கால் முட்டிக் கேட்டால் தொடரலாம், விலகிப் போனால் விட்டுவிட வேண்டும். நாய் பார்க்க வருகிறோம் என்கிற சொந்தக்காரர்களை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதலில் பயம் தெளிய, பிறகு வீட்டு நடைமுறை பழக, கடைசியில் இது என் வீடு என்று உணர. குத்துமதிப்புதான். கூச்சக்கார நாய் கூடுதல் நேரம் எடுக்கும்.

பட்டர்வொர்த்: தூக்கும்போது கத்திக் கையைக் கவ்விவிட்டது. இரத்தம் வரவில்லை. முரட்டு நாயோ?

எப்படித் தூக்கினீர்கள் அண்ணே? முன்னங்கால் இரண்டுக்கும் கீழே பிடித்துக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி என்றால், இந்த இனத்தை அப்படித் தூக்கவே கூடாது. பின்பகுதி தொங்கினால் பாரமெல்லாம் முதுகெலும்பில் இறங்கும். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்தொடைக்குக் கீழே, முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். இறக்கும்போதும் அப்படியே, நாலு காலும் தரையைத் தொட்ட பிறகுதான் கையை எடுக்க வேண்டும்.

சரியாகத் தூக்கியும் கத்துகிறது என்றால் முதலில் முதுகை வெட்டிடம் காட்டுங்கள். வலியில் கடிக்கிற நாயை முரடு என்று சொல்லித் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன், கோபமாக வரும். உறுமினால் அடிக்கவோ அதட்டவோ வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி விழும்.

பாயான் லெப்பாஸ்: முதுகுப் பிரச்சினை என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு மோசமா?

பயப்பட வேண்டாம், ஆனால் சாதாரணமாகவும் நினைக்க வேண்டாம். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற தட்டுகள் இந்த இனத்தில் சின்ன வயதிலேயே கெட்டியாகி, சுண்ணாம்பு படிய ஆரம்பித்துவிடும். அது பிதுங்கியோ வெடித்தோ தண்டுவடத்தை நசுக்கினால் வலி, தள்ளாட்டம், கடைசியில் பின்கால் செயலிழப்பு. கால் குட்டையாவதோடு சேர்ந்து வருகிற மரபணு மாற்றம் ஒன்றுதான் இதற்கும் காரணம் என்று 2017-ல் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நாலைந்து டாக்ஸ்ஹண்டில் ஒன்றுக்கு வாழ்நாளில் இந்தத் தொல்லை வருகிறது. அதிகமாக வருவது மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள். உங்களுடையது இப்போது குட்டி என்றால், நல்ல பழக்கம் போட இதுதான் நேரம்.

மரபணுவை மாற்ற முடியாது, வீட்டை மாற்றலாம். நம் வீடுகளில் தரை முழுக்க வழுக்கும் டைல்ஸ். நாய் அதிகம் நடக்கிற வழியில் யோகா பாய் அல்லது ரப்பர் விரிப்புப் போடுங்கள். நகத்தையும் பாதத்துக்கு அடியில் வளரும் முடியையும் வெட்டி வைத்தால் பிடிப்புக் கிடைக்கும். சோபா, கட்டிலிலிருந்து குதிக்க விடாதீர்கள், சரிவுப் பலகை வையுங்கள். முதல் நாளிலிருந்தே பழக்கினால்தான் ஏறும். பிறகு பழக்கினால் உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தில் குதிக்கும், பிடிவாதம் அப்படி. மாடிப்படியில் கேட் போடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் எடை. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும், விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

குதிக்கத் தயங்குவது, முதுகைக் கூனிக்கொண்டு நடப்பது, நடுங்குவது, தொட்டால் கத்துவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடமாட்டத்தை நிறுத்திக் கூண்டில் வைத்து அன்றைக்கே வெட்டிடம் கொண்டுபோங்கள். பின்காலை இழுத்துக்கொண்டு வந்தாலோ, மூத்திரம் தானாகச் சொட்டினாலோ மணிக்கணக்குதான் உங்கள் கையில், காலையில் பார்க்கலாம் என்று தூங்கிவிடாதீர்கள். லேசான பாதிப்பு என்றால் நாலைந்து வாரக் கூண்டு ஓய்விலேயே பல நாய்கள் தேறிவிடும். நாம் சாப்பிடும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சிறுநீரகமும் கல்லீரலும் போய்விடும்.

ஜெலுத்தோங்: மறுபடியும் நான்தான் அக்கா. பேரைக் கூப்பிட்டால் வருகிறது, ஆனால் குனிந்தாலே தரையில் படுத்து மூத்திரம் விடுகிறது.

பணிவும் பயமும் கலந்த மூத்திரம் அது, பழக்கக் கேடு இல்லை. திட்டினால் கூடும். குனியாதீர்கள், முட்டி மடக்கிப் பக்கவாட்டாக உட்காருங்கள். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரவாரம் வேண்டாம். இளம் நாய்களில் தைரியம் வரவர இது தானாக நின்றுவிடும்.

புக்கிட் மெர்தாஜாம்: மழை பெய்தால் வெளியே போகவே மாட்டேன் என்கிறது. சாமி அறை வாசலில் அசிங்கம் பண்ணிவிட்டது. அம்மாவுக்கு ஒரே கோபம்.

அம்மா கோபத்தில் நியாயம் இருக்கிறது! வயிறு தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லாத நாய்க்கு ஈரப்புல் என்றால் குளியல்தான். போர்ச்சில் கூரைக்குக் கீழே ஒரு தட்டில் நிஜப் புல் வைத்து, அதில் போனதும் அந்த இடத்திலேயே கோழித் துண்டு கொடுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே போய்விட்டால் சத்தம் போடாமல் எஞ்சைம் கலந்த கிளீனரால் துடையுங்கள், வாடை மிஞ்சினால் திரும்ப அங்கேயேதான் போகும். சாமி அறைக்குக் குழந்தை கேட் ஒன்று போட்டால் அம்மாவும் சமாதானமாகிவிடுவார்.

செந்தூல்: கொண்டோ அடுக்குமாடி வீட்டில் நாய் வைக்கலாமா? மேனேஜ்மென்ட் கூடாது என்கிறது.

ஸ்திராத்தா (அடுக்குமாடிக் குடியிருப்பு) நிர்வாக விதிமுறைகள் 2015-ன் மூன்றாம் அட்டவணையில் 14-வது துணைவிதியைப் படியுங்கள். மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தருகிற, அல்லது ஊராட்சிச் சட்டத்தை மீறுகிற பிராணியை வைக்கக் கூடாது என்கிறது. மீறினால் எழுத்து மூலம் நோட்டீஸ் வந்த மூன்று நாளில் வெளியேற்ற வேண்டும். அதற்கு மேல் உங்கள் கொண்டோ தனியாகத் துணைவிதி போட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செக்யூரிட்டி கார்டு சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பதெல்லாம் செல்லாது. நாய் லைசென்ஸ் தருவது அந்தந்த ஊர் மாநகர் மன்றம்: கோலாலம்பூரில் டிபிகேஎல், பினாங்குத் தீவில் எம்பிபிபி, செபராங் பிறையில் எம்பிஎஸ்பி. வீட்டு வகையைப் பொறுத்து எத்தனை நாய் என்று வரம்பு உண்டு. இதெல்லாம் தத்தெடுக்கும் *முன்* செய்ய வேண்டியது தம்பி. பழகிய பிறகு திருப்பிக் கொடுத்தால் அந்த நாய் இன்னும் ஒடுங்கிப்போகும்.

அதே செந்தூல்: லிஃப்ட்டில் மலாய்க் குடும்பங்கள் வருவார்கள், சங்கடமாக இருக்கிறது.

காலியான லிஃப்ட்டுக்குக் காத்திருங்கள், அல்லது நாயைக் கையில் சரியாகத் தூக்கி மூலையில் நில்லுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மண்ணும் தண்ணீரும் கொண்டு ஏழு முறை கழுவ வேண்டியிருக்கும். அதை மனதில் வைத்து நாம் விலகி நின்றால் பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். கூச்சக்கார நாய்க்கும் அந்தத் தூரம் நல்லது.

ஆயர் ஈத்தாம்: நடக்கக் கூட்டிப்போனால் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடப் பார்க்கிறது.

கழுத்துப்பட்டை வேண்டவே வேண்டாம், நெஞ்சு முழுக்கப் பிடிக்கிற ஒய் வடிவ ஹார்னெஸ் வாங்குங்கள். பயந்த நாய் பின்னால் நகர்ந்து உருவும். அதனால் விலாவுக்குப் பின்னால் இன்னொரு பட்டை உள்ளதாகப் பாருங்கள். முதல் சில மாதம் எந்த வயல்வெளியிலும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். மைக்ரோசிப் போட்டு உங்கள் போன் நம்பரைப் பதிந்துவிடுங்கள். காலை எட்டு மணிக்கு முன், மாலை வெயில் தாழ்ந்த பிறகு மட்டும் நடை. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும், அதன் வயிறும் தரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திரும்பி வந்ததும் காது மடலுக்கு உள்ளே, விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சலும் கொசுவால் வரும் இதயப்புழுவும் நம் ஊரில் சர்வ சாதாரணம், மாதாந்தரத் தடுப்பு மருந்தை விடாதீர்கள். 2015-ல் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது நினைவிருக்கும், அந்த ஊசியையும் வெட்டிடம் கேளுங்கள்.

தஞ்சோங் பூங்கா: தீபாவளி வெடிச் சத்தம்?

தீபாவளி மட்டுமா! பினாங்கில் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவு, பாய் தீ கோங் என்கிற சீனர் வழிபாட்டுக்குப் போடும் வெடி எல்லாவற்றையும் தோற்கடிக்கும். அன்று பொழுது சாயும் முன்பே நடை, மூத்திரம் எல்லாம் முடித்து ஜன்னலைச் சாத்துங்கள். மின்விசிறியை வேகமாக வைத்து டிவியில் பாட்டுப் போடுங்கள், வளைக்குள் போர்வை கூடுதலாக. உங்களிடம் ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம், ஆறுதல் சொன்னால் பயம் கூடும் என்பது வெறும் பேச்சு. மிகவும் நடுங்குகிற நாய் என்றால் பல வாரம் முன்பே வெட்டைப் பாருங்கள், பயத்துக்கென்று தனி மருந்து உண்டு. தைப்பூசத்தில் ரதம் போகிற வழிப்பக்கம் கூட்டிப்போக வேண்டாம். உறுமி மேளம் ஒருபக்கம், சாலை முழுக்கச் சிதறுதேங்காய் ஓடு இன்னொரு பக்கம்.

பிரிக்பீல்ட்ஸ்: பாட்டி ஒளித்து ஒளித்துச் சோறு ஊட்டுகிறார்.

வெறும் சோறும் அவித்த கோழியும் கொஞ்சம் என்றால் பரவாயில்லை, அதை அன்றைய உணவில் கழித்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு கூடவே கூடாது. பாயசம், கேசரியில் இருக்கிற உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாட்டியிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். சாக்லேட்டும் வேண்டாம்.

ஜார்ஜ் டவுன்: துணைக்கு இன்னொரு நாய் எடுக்கலாமா?

இப்போது வேண்டாம்.

பாயான் பாரு: வெட்டிடம் கொண்டுபோவதே போராட்டம். கருத்தடை வேறு செய்ய வேண்டும்.

சும்மா ஒருநாள் கிளினிக் வாசல்வரை போய்க் கோழி கொடுத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். இன்னொரு நாள் உள்ளே போய்த் தராசில் நிற்க வைத்து வாருங்கள், ஊசி இல்லாமல். உண்மையான அப்பாயின்ட்மென்ட்டுக்கு நாளின் முதல் நேரத்தைக் கேளுங்கள், முறை வரும்வரை காரில் ஏர்கானோடு இருங்கள். காத்திருக்கும் அறையில் பெரிய நாய்கள் குரைத்தால் ஒரு மாத உழைப்பு போய்விடும். கருத்தடை அவசியம். காப்பகத்தில் எடுத்தீர்கள் என்றால் பெரும்பாலும் நிபந்தனையாகவே இருக்கும். ஆனால் ஒரு வயதுக்கு முன்பே செய்த டாக்ஸ்ஹண்ட்களில் முதுகுத் தட்டுப் பிரச்சினை அதிகம் என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. குட்டிக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை என்றால், எப்போது செய்யலாம் என்று காப்பகத்தையும் வெட்டையும் சேர்த்தே கேளுங்கள். அறுவைக்குப் பிறகு கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு இந்தக் குட்டைக்காலில் தரையில் இடித்துக்கொண்டே இருக்கும், துணியில் தைத்த உடுப்பு கிடைக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.