எஸ்எஸ்எச் திரை உறைகிறதா? முதலில் எப்போது உறைகிறது என்று பாருங்கள்

கேள்வி: வீட்டிலிருந்து விபிஎன் போட்டு, எஸ்எஸ்எச் வழியாக அலுவலக லினக்ஸ் சர்வரில் வேலை பார்க்கிறேன். அடிக்கடி திரை அப்படியே நின்றுவிடுகிறது. என்ன தட்டினாலும் அசைவதில்லை, எரர் எதுவும் வருவதில்லை. திரும்ப லாகின் செய்தால் சரியாகிறது, ஆனால் ஓடிக்கொண்டிருந்த வேலை போய்விடுகிறது. நெட் கனெக்‌ஷனை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். திரை நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. எந்த நேரத்தில் நிற்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் காரணத்தைப் பிடித்துவிடலாம்.

அடுத்த முறை நின்றால், விண்டோவை மூடும் முன் கன்ட்ரோலோடு க்யூ விசையை அழுத்துங்கள். சேமிக்கும் பழக்கத்தில் கை தவறி கன்ட்ரோல் எஸ் அழுத்தியிருந்தால் டெர்மினல் வெளியீட்டை நிறுத்தி வைத்திருக்கும், நெட்வொர்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்கும் அசையாவிட்டால் என்டர், பிறகு ~, பிறகு ஒரு புள்ளி. லினக்ஸ், மேக் டெர்மினலில் உறைந்த செஷனை உடனே துண்டிக்கும் வழி இது.

இனி காரணங்கள். சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தால் நின்றிருக்கிறது என்றால், சும்மா கிடந்ததுதான் பிரச்சினை. உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் இருக்கும் ரூட்டரும் ஃபயர்வாலும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு அட்டவணையில் குறித்து வைத்திருக்கின்றன. சிறிது நேரம் எதுவும் போகாவிட்டால் அந்தக் குறிப்பை அழித்துவிடும். நிலைத்த டிசிபி இணைப்பை (எஸ்எஸ்எச் ஓடுவது இதில்தான்) குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்று 2008இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5382 சொல்கிறது. நடைமுறையில் பலர் அவ்வளவு நேரம் விடுவதில்லை. அமேசான் கிளவுடின் நாட் கேட்வே (உள் நெட்வொர்க்கை இணையத்தோடு இணைக்கும் வாயில்) 350 விநாடிதான் பொறுக்கும்.

குறிப்பு அழிந்த செய்தி பெரும்பாலும் இரு முனைக்கும் தெரியாது. நீங்கள் தட்டும் எழுத்தை உங்கள் கணினி மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். லினக்ஸின் இயல்பு அமைப்பில் அது கைவிடுவதற்கு ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். எரர் வராததற்கு அதுதான் காரணம். புதிதாக லாகின் செய்து யார் லாகினில் இருக்கிறார்கள் என்று காட்டும் ஹூ (who) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், உங்கள் பழைய செஷன் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

தீர்வு எளிது. உங்கள் கணினியின் எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ (ServerAliveInterval) மதிப்பை 60 என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு சிறு பாக்கெட் போய் இணைப்பை உயிரோடு வைக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும். புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு கனெக்‌ஷன் பகுதியிலேயே கீப்அலைவ் பெட்டி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: தொடர்ந்து 3 முறை பதில் வராவிட்டால் எஸ்எஸ்எச் தானே துண்டித்துவிடும். உங்கள் நெட் அடிக்கடி சில நிமிடம் போய்த் திரும்புகிறது என்றால் ‘சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ்’ (ServerAliveCountMax) மதிப்பை 10 வரை ஏற்றுங்கள்.

நீங்கள் விபிஎன் என்று சொன்னதால் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. சின்னக் கட்டளைகள் ஓடுகின்றன, ஆனால் நீளமான லாக் கோப்பைத் திறந்த உடனே நிற்கிறதா? அப்படியானால் அது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு பற்றிய கோளாறு. சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ (சில பிராட்பேண்டுகள் பயன்படுத்தும் முறை) இணைப்பு அதில் 8 பைட் எடுத்துக்கொள்ளும், விபிஎன் மேலும் எடுக்கும். பெரிய பாக்கெட் வழியில் மாட்டும்போது ‘சிறிதாக்கி அனுப்பு’ என்ற ஐசிஎம்பி (நெட்வொர்க் தன் கோளாறுகளைச் சொல்லும் முறை) செய்தி திரும்ப வர வேண்டும். ஐசிஎம்பி முழுவதையும் அடைத்து வைத்த ஃபயர்வால் அந்தச் செய்தியையும் விழுங்கிவிடும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் இந்த வேலை எத்தனையோ பேரின் நாளை வீணாக்குகிறது. சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 1472 பைட் அளவில் சர்வரை பிங் செய்யுங்கள். சிறிய பிங்குக்கு பதில் வந்து இதற்கு வராவிட்டால் 10, 20 ஆகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பதில் வரும் அளவோடு 28 (ஹெட்டர்களின் அளவு) கூட்டினால் உங்கள் பாதையின் எம்டியூ. விபிஎன் இன்டர்ஃபேஸின் எம்டியூவை அந்த எண்ணுக்கு இறக்கினால் போதும்.

வைஃபையிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும்போது நின்றால் கீப்அலைவ் உதவாது, டிசிபி இணைப்பு பழைய ஐபி முகவரியோடு கட்டுண்டது. அந்த மாதிரி அலைபவர்களுக்கு, எஸ்எஸ்எச்சுக்கு மாற்றாகப் பயன்படும் மோஷ் நல்லது. அது டிசிபிக்குப் பதில் யூடிபியில் ஓடும், சர்வரில் 60000 முதல் 61000 வரையிலான போர்ட்டுகளைத் திறந்திருக்க வேண்டும்.

எந்தக் காரணமாக இருந்தாலும் சரி, இன்றே டிமக்ஸ் பழகுங்கள். லாகின் ஆனதும் டிமக்ஸைத் திறந்து அதற்குள் வேலையை ஓடவிட்டால், இணைப்பு போனாலும் வேலை சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப வந்து அட்டாச் செய்தால் விட்ட இடத்தில் நிற்பீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் நின்றால் சர்வர் வரையிலான வழியில் ஒவ்வொரு ரூட்டரிலும் எவ்வளவு பாக்கெட் தொலைகிறது என்று காட்டும் எம்டிஆர் (mtr) கருவியை ஓடவிட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு ரூட்டரில் மட்டும் இழப்பு காட்டி, அதற்கு அடுத்தவற்றில் இல்லையென்றால் கவலை வேண்டாம், அந்த ரூட்டர் பிங்குக்கு பதில் தருவதைக் குறைத்திருக்கிறது, அவ்வளவுதான். இழப்பு அங்கிருந்து கடைசி வரை தொடர்ந்தால்தான் கோளாறு. அந்த வெளியீட்டையும், உறைந்த நேரத்தையும், உங்கள் ஐபி முகவரியையும் சேர்த்து அலுவலக நெட்வொர்க் அட்மினுக்கு அனுப்புங்கள். ஃபயர்வால் லாக்கில் தேட அவருக்கு இவை மூன்றும் வேண்டும்.