பிள்ளைகள் டாக்காவில், நாடு கொதிக்கும்போது நாம் என்ன செய்வது?

கேள்வி: மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளோடு டாக்காவில் கிறிஸ்தவ ஊழியத்தில் இருக்கிறார்கள். 2024 கலவரத்தில் ஐந்து நாளாக ஒரு சத்தமும் இல்லை. நானும் மகளின் அப்பாவும் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தோம். இனி அப்படி வந்தால் உடனே வரச் சொல்வதா, விடுவதா? – மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு தாய்

பதில்: அக்கா, அந்த ஐந்து நாளும் பிள்ளைகளுக்குப் பேச வழி இருக்கவில்லை. 2024 ஜூலை 18 இரவு பங்களாதேஷ் முழுவதும் இணையத்தை நிறுத்தினார்கள். 23ஆம் திகதிதான் புரோட்பேண்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கைபேசி இணையம் வர 28 ஆகிவிட்டது. இதற்குள் ஊரடங்கு வேறு. ஓகஸ்ட் 5, பிரதமர் ஷேக் ஹசீனா பதவி விலகி நாட்டைவிட்டுப் போன அன்று டாக்கா விமான நிலையமும் சில மணி நேரம் மூடிக் கிடந்தது. நீங்கள் "வா" என்று சொல்ல நினைக்கும் நேரத்தில் சொல்லவும் முடியாது, அவர்களால் வரவும் முடியாது. அதனால் இந்தப் பேச்சை நாடு அமைதியாக இருக்கும் இப்போதே பேசி முடியுங்கள்.

எந்தக் கட்டத்தில் கிளம்புவது என்பதை மகளும் மருமகனும் ஒரு தாளில் எழுதட்டும். வீட்டில் எத்தனை நாளுக்குத் தண்ணீரும் கைக்காசும் இருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் போகப் பாதை உண்டா, இவையெல்லாம் அதில் வரும். ஆனால் நான் முதலில் வைப்பது வேறொன்று. அங்குள்ள சபையார், "நீங்கள் இருப்பது எங்களுக்கு ஆபத்து" என்று சொன்னால் அன்றே கிளம்பிவிட வேண்டும். மட்டக்களப்பாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில், நம் புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் காணாமற்போனார். அவரோடு வந்த நம் ஊர்ப் பையனும் திரும்பவில்லை. ஊழியக்காரர் தங்குவதா போவதா என்று முடிவெடுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவனுடைய உயிரும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

தீர்மானம் அவர்கள் இருவருடையது. நீங்கள் போனில் அழுதால் மகள் அரை மனதோடு அங்கேயும் அரை மனதோடு இங்கேயும் நிற்பாள். அந்த நிலையில் எடுக்கும் முடிவுதான் மிக மோசமானது.

பேரப்பிள்ளைகளின் கடவுச்சீட்டை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். யாராவது அங்கே பிறந்திருந்தால், ஒரு வருடத்துக்குள் இலங்கைப் பிரஜையாகப் பதிந்தார்களா என்று கேளுங்கள். விட்டுப் போயிருந்தால் டாக்காவிலுள்ள நமது உயர்ஸ்தானிகராலயத்தில் உடனே தொடங்க வேண்டும். கலவரத்துக்குள் அலையும் வேலை அல்ல அது. இந்திய விசா இல்லாமல் தரை எல்லையைக் கடக்கவும் முடியாது.

பேச ஒரு நேரம் குறியுங்கள்: நமக்கு இரவு எட்டு, அவர்களுக்கு எட்டரை. வாட்ஸ்அப் நின்றால் சாதாரண அழைப்பு, அதுவும் நின்றால் குறுஞ்செய்தி. ஒருவரும் கிடைக்காவிட்டால் எத்தனை நாள் பொறுத்து அனுப்பிய அமைப்பைக் கேட்பது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். அந்த நாட்கள்வரை மௌனத்தை மரணமாக நினைக்காதீர்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். சபையின் வாட்ஸ்அப் குழுவில் பெயர், தெரு, படம் எல்லாம் போட்டு ஜெபக் குறிப்பு அனுப்பவேண்டாம். அரை மணி நேரத்தில் அது யாருடைய கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. "வெளிநாட்டில் ஒரு குடும்பம்" என்றாலே போதும், கர்த்தருக்கு விலாசம் தெரியும்.

வந்து சேர்ந்தால், முதல் ஞாயிறே பிள்ளைகளை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். இப்படித் திரும்பிய ஒரு வீட்டுக்கு நான் போயிருந்தபோது அமிர்தகழியில் மாமாங்கக் கோயில் திருவிழா. வாணம் வெடித்ததும் ஏழு வயதுப் பிள்ளை எழும்பிப் போய்த் தன் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு கதவடியில் உட்கார்ந்தது. ஓட வேண்டி வரும் என்று அதற்குள் ஒரு நினைப்பு. தாய் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் போய் இருந்தாள். பிள்ளை சப்பாத்தோடேயே நித்திரையாகிவிட்டது.