சிங்கப்பூரில் 12 மணி நேர வேலைக்கு ஓ.டி. காசு குறைவாக வருவது ஏன்?

மாதம் 1,000 டாலர் சம்பளம் என்று சிங்கப்பூர் போன உங்கள் தம்பிக்கு 12 மணி நேரம் உழைத்தும் ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான காசு) குறைவாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஓ.டி. மொத்தச் சம்பளத்தில் கணக்காகாது, அடிப்படைச் சம்பளத்தில்தான். நீங்கள் சொன்ன 1,000 டாலரில், உதாரணத்துக்கு, அடிப்படை 600, மீதி அலவன்ஸ் என்று பிரித்திருப்பார்கள். தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கமிருந்து வெல்டிங் வேலைக்குப் போகிற பையன்களிடம் ஏஜெண்ட் மொத்தத்தை மட்டும் சொல்லி அனுப்புவது கொடுமை.

அங்கே சட்டப்படி வாரத்துக்கு 44 மணி நேரம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. 600-ஐ 12-ஆல் பெருக்கி, 52 வாரம் × 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 3.15 டாலர் வரும், ஓ.டி.க்கு 4.72. சம்பளச் சீட்டில் இதற்குக் குறைவாக இருந்தால் ஏமாற்றுகிறார்கள். சீட்டு தருவது 2016 முதல் கட்டாயம்.

அப்புறம், போகும் முன் வந்த ஐ.பி.ஏ. (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) கடிதத்தில் உள்ள அடிப்படைத் தொகையையும் ஒத்துப் பாருங்கள், தம்பி எழுத்தில் சம்மதிக்காமல் அதைக் குறைக்க முடியாது. ஓ.டி.யும் சிறப்பு அனுமதி இல்லாமல் மாதம் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

ஒன்று, வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள் டாடெம் (TADM) என்கிற சம்பளத் தகராறு மையத்தில் புகார் போய்விட வேண்டும். வேலை செய்த நேரத்தைத் தேதிவாரியாக இன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.