சுடோகு போட்டும் பெயர்கள் மறக்கின்றனவே!

கேள்வி: வயது 68. தினமும் இரண்டு மணி நேரம் சுடோகு போடுகிறேன். ஆனாலும் தெரிந்தவர்கள் பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை. எதற்காக அறைக்குள் வந்தேன் என்பதும் மறந்துவிடுகிறது. பன்னிரண்டு வருடங்களாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். டி.வி. சத்தத்தை ஏற்றுகிறேன் என்று மகளுக்கு வேறு கோபம். இது மறதி நோயின் ஆரம்பமா?

பதில்: பெயர் கொஞ்ச நேரம் கழித்து தானாக நினைவுக்கு வருகிறதென்றால் பயப்படாதீர்கள். பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, பத்து நிமிடம் முன்பு கேட்டதையே மறுபடி கேட்பது, பணக் கணக்கில் குழம்புவது, இவைதான் கவலைக்குரியவை. நீங்கள் உணராத இப்படிப்பட்ட மாற்றங்களை வீட்டார் கவனித்துச் சொன்னால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் உடலில் பி12 சத்து குறையலாம். அது குறைந்தாலே மறதி வரலாம். ரத்தப் பரிசோதனையில் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். தூக்க மாத்திரை, குளோர்பெனிரமைன் போன்ற அலர்ஜி மாத்திரைகளும் புத்தியை மந்தமாக்கும். சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அடுத்தது காது. பாதி கேட்டு மீதியை ஊகிப்பதிலேயே மூளை களைத்துப்போனால், கேட்டதைப் பதிய வைக்கத் தெம்பு இருக்காது. புதியவரின் பெயர் மறந்துபோவதாக நினைப்போம். முதலில் அது சரியாகக் காதில் விழுந்திருக்கவே இருக்காது. செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். கருவி தேவைப்பட்டால் மூன்றே நாளில் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அமைதியான அறையில் தினம் ஒரு மணி நேரம் என்று தொடங்கி நேரத்தைக் கூட்டுங்கள். பழகச் சில வாரங்கள் ஆகும்.

சுடோகு போடப் போட சுடோகுதான் கைவரும். அமெரிக்காவில் 2,800 முதியவர்களிடம் நடந்த 'ஆக்டிவ்' ஆய்விலும், எதில் பயிற்சி கொடுத்தார்களோ பெரும்பாலும் அதில்தான் முன்னேற்றம் தெரிந்தது. சுடோகுவுக்கு அரை மணி நேரம் போதும். மிச்ச நேரத்தில் வேகமாக நடங்கள், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். வாரத்துக்கு 150 நிமிடம். கூடவே நாலு பேரோடு சேர்ந்து புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். தவறுகள் வருகிற அளவுக்கு அது கடினமாக இருக்கட்டும்.

பெயருக்கு ஒரு வழி உண்டு. கேட்டவுடன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அன்று இரவு என இடைவெளி விட்டு எதையும் பார்க்காமல் நினைவுபடுத்திப் பாருங்கள். எழுதி வைத்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இது நன்றாகப் பதியும். அறைக்குள் வந்து திகைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கவனச்சிதறல்தான். எழுந்திருக்கும்போதே "கண்ணாடி எடுக்கப் போகிறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நடங்கள். அப்படியும் மறந்தால், உட்கார்ந்திருந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள். அநேகமாக அங்கே ஞாபகம் வந்துவிடும்.