இலை சிவக்கும் மலைகள்: வாசகர் கேள்வியும் பதிலும்

மலைகளில் மரங்கள் நிறம் மாறுவதைக் காண்பது பற்றியும் படம் எடுப்பது பற்றியும் வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பழைய வட ஆற்காடு இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும், பெரும்பாலான கடிதங்கள் ஜவ்வாது மலையிலேயே வந்து நிற்கின்றன.

கேள்வி: ஐயா, அக்டோபர், நவம்பர் மாதங்கள் இலையுதிர் காலம் என்று பள்ளியில் படித்தோம். சென்ற அக்டோபர் விடுமுறையில் பிள்ளைகளை ஏலகிரிக்கு அழைத்துச் சென்றோம். மலை முழுவதும் பச்சையாகவே இருந்தது. நாங்கள் போன இடம் தவறா, காலம் தவறா? (வாசகி, ஆரணி)

பதில்: இடம் தவறவில்லை, அம்மா, காலம்தான் தவறிவிட்டது. நாம் பள்ளியில் படித்த அந்த நான்கு பருவங்கள் குளிர் நாடுகளுக்கு உரியவை. அங்கே செப்டம்பர் இறுதியில் பகல் குறுகி, இரவு குளிரத் தொடங்கும். உறைபனி வருமுன் மரம் தன் இலைகளை உதிர்த்தாக வேண்டும். நமக்கோ ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. வேர் நிறைய நீர் குடிக்கும் அந்நாட்களில் எந்த மரம் இலையைக் கைவிடும்? நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது இலையுதிர் காலம் என்று ஒன்றைத் தனியே வைக்கவில்லை. நம் காடுகளில் இலை பெரிதும் உதிர்வது மாசியும் பங்குனியுமாகிய பின்பனிக் காலத்தில். பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியும் உரியது என்று பழைய இலக்கணம் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம், வறண்டு இலையுதிர்ந்த காட்டின் ஊடே நடந்து பார்த்தவர்களே அதை வகுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டு இடங்களிலும் மரம் செய்யும் வேலை ஒன்றுதான். இலை வழியாக நீர் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. மண்ணில் நீர் குறையும்போது, அல்லது நீர் உறைந்து வேருக்கு எட்டாமல் போகும்போது, இலையை வைத்திருப்பது மரத்துக்குச் சுமை. ஆகவே அது இலையில் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது, பச்சையம் சிதைகிறது, அதுவரை பச்சையின் அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் மஞ்சளாகவும் இளஞ்செம்மஞ்சளாகவும் வெளிப்படுகின்றன. சிவப்பு மட்டும் வேறு வகை. அது மறைந்திருந்து வெளிவருவதன்று; இலை உதிரப்போகும் அந்தக் கடைசி நாட்களில், இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து அந்தோசயனின் என்னும் நிறமியாகப் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் சேர்ந்து அமைந்த ஆண்டுகளில் குளிர் நாட்டு மலைகள் அதிகமாகச் சிவப்பது இதனால்தான். பிறகு காம்பின் அடியில் மெல்லிய பிரிபடலம் ஒன்று உருவாகி, சிறு காற்றுக்கும் இலை விடுபடுகிறது.

எனவே அடுத்த முறை பொன்னேரியிலிருந்து அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் மாசி மாதத்தில் ஏறிப் பாருங்கள். அமெரிக்கப் படங்களில் காணும் ஒரே வீச்சான செந்நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். நம் மலை திட்டுத் திட்டாகவே நிறம் மாறும். ஒரு மரம் செம்பாக நிற்கும், அடுத்தது மஞ்சளாக, அதற்கடுத்தது வெறுங்கிளையாக.

கேள்வி: கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன். ஜவ்வாது மலையில் எந்தெந்த மரங்களைப் பார்க்க வேண்டும்? எந்தப் பாதையில் போகலாம்? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: முதலில் வெக்காலியைத் தேடுங்கள். வெளிறிய, வழவழப்பான அடிமரத்தை வைத்து அதைத் தொலைவிலேயே அடையாளம் காணலாம். உதிர்வதற்கு முன் அதன் இலைகள் செம்புச் சிவப்பாக மாறும். நம் வறண்ட காடுகளில் மேலைநாட்டு இலையுதிர் காலத்துக்கு மிக அருகே வருவது இந்த மரமே என்பேன். உதிய மரம் மஞ்சளாகி விரைவில் மொட்டையாகிவிடும். தேக்கின் அகன்ற இலைகள் பழுப்பேறிச் சருகாகி விழும்போது எழும் ஓசையை ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் நம் பக்கத்துச் சிவப்பில் பாதி, உதிரும் இலையின் சிவப்பன்று, துளிர்க்கும் இலையின் சிவப்பு. இதைத்தான் பலரும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். பங்குனியில் பூவ மரம் தளிர்க்கும்போது மரம் முழுவதும் செக்கச்செவேல் என்று இருக்கும். இலுப்பையின் தளிர் செம்பு நிறம். அரசந்தளிர் இளஞ்சிவப்பு கலந்த செம்பு. நம் தெருவோர வேம்புகூட அந்த நாட்களில் செந்தளிர் விடுகிறது. இங்கும் நிறம் தருவது அதே அந்தோசயனின்தான். பச்சையம் இன்னும் நிரம்பாத இளந்தளிரைக் கடும் வெயிலிலிருந்து அது காக்கிறது என்று தாவரவியலாளர்கள் கருதுகின்றனர். முதுமைக்கும் இளமைக்கும் மரம் ஒரே சாயத்தைப் பயன்படுத்துவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. இவற்றோடு, இலையே இல்லாத கிளைகளில் மஞ்சளாகப் பூக்கும் கோங்கையும், தீக்கொழுந்து போலப் பூக்கும் புரசையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் சாலை வசதியானது. காவலூரில் விண்ணோக்கு நிலையம் அமைந்திருப்பதே அப்பகுதியின் தெளிந்த வானத்துக்குச் சான்று. போளூர்ப் பக்கத்துச் சரிவுகள் கிழக்கு நோக்கியவை, ஆதலால் காலை வெயில் அவற்றின் மேல் விழும். திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் பக்கம் மாலைக்கு ஏற்றது. ஒரே மரத்தை மாசி முதல் சித்திரை வரை வாரம் ஒரு முறை அதே இடத்தில் நின்று படம் எடுத்துத் தேதியுடன் குறித்து வையுங்கள். பத்து மலைகளைச் சுற்றி எடுத்த படங்களைவிட அந்தப் பன்னிரண்டு படங்கள் உங்கள் படிப்புக்கு அதிகம் பயன்படும்.

கேள்வி: பாஸ்டன் நகரில் மகன் வேலை பார்க்கிறான். வரும் அக்டோபரில் நானும் என் மனைவியும் அங்கே போகிறோம். மலைகளில் மேப்பிள் மரங்கள் சிவப்பதைப் பார்க்க எந்த வாரம் போவது? ஒரு நல்ல கேமராவும் வாங்கியிருக்கிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி)

பதில்: அங்கே நிறம் வடக்கிலிருந்து தெற்காகவும், மலை உச்சியிலிருந்து அடிவாரமாகவும் இறங்கி வரும். குளிர் முதலில் எங்கே வருகிறதோ அங்கே முதலில் சிவக்கும். வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் வடபகுதி மலைகளில் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முற்பாதி வரையும், பாஸ்டன் நகரை ஒட்டிய தாழ்நிலத்தில் அக்டோபரின் பிற்பாதியிலும் நிறம் முதிர்ந்திருப்பது வழக்கம். தாங்கள் அக்டோபர் முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்தால், முதலில் நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மவுண்டன்ஸ் மலைகளுக்குச் சென்று, பிறகு நிறத்தோடு சேர்ந்தே தெற்கே இறங்கி வரலாம். அங்கே கன்கமாகஸ் என்னும் மலைச்சாலை இதற்கென்றே பெயர் பெற்றது. அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை அந்நாட்டில் விடுமுறை. அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் அச்சாலைகளில் நெரிசல் மிகுதி. வாரத்தின் நடுநாட்களில் போவது நல்லது. சர்க்கரை மேப்பிள் பெரும்பாலும் செம்மஞ்சளாகவும், சிவப்பு மேப்பிள் பெயருக்கேற்பவும், பிர்ச் மரம் மஞ்சளாகவும், பீச் மரம் செம்பழுப்பாகவும் மாறும். ஒரு பலத்த மழைக்காற்று அடித்தால் இரண்டே நாளில் மேப்பிள் இலைகள் கொட்டிவிடும். ஆகவே நல்ல வானிலை வாய்த்தால் அன்றே போய்விடுங்கள், ஒத்திப்போடாதீர்கள்.

கேமராவோடு, லென்ஸின் முன்னால் பொருத்தும் கண்ணாடியான போலரைசர் ஃபில்டர் ஒன்றை அவசியம் வாங்கிக்கொள்ளுங்கள். இலையின் மேற்புறம் மெழுகு பூசியது போன்றது. வானத்தின் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து, உள்ளே இருக்கும் நிறத்தின் மேல் வெளிறிய பூச்சாகப் படிகிறது. ஃபில்டரை மெல்லத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அடங்கி நிறம் தெரியும். மழை பெய்து இலை நனைந்திருக்கும்போது இதன் பயன் இரு மடங்கு. பிற்பாடு கணினியில் எத்தனை திருத்தினாலும் இந்த ஒன்றைச் சரியாகக் கொண்டுவர முடிவதில்லை. சூரியனுக்குச் செங்கோணத்தில் நிற்கும்போது வானத்தையும் இது ஆழ்ந்த நீலமாக்கும். ஆனால் ஃபில்டர் வெளிச்சத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆகையால் கேமராவை அசையாமல் தாங்கும் முக்காலியான ட்ரைபாட் உடன் இருக்கட்டும்.

வெயில் இல்லையே என்று வருந்த வேண்டாம். மேகமூட்டமான நாளில் நிறங்கள் சீராக விழும். வானத்தை மட்டும் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடுங்கள். எதிர்ச்சரிவை எடுக்க, தொலைவில் உள்ளதைக் கிட்டக் காட்டும் 70 முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ், பரந்த காட்சியை அடக்கும் அகல லென்ஸைவிட ஏற்றது. மலையை எல்லாம் ஒரே படத்தில் அடக்க முயன்றால் மரங்கள் புள்ளிகளாகிவிடும். விடியலில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்க, மூடுபனி அங்கே படியும். அதற்கு மேலே ஓர் உயரத்தில் சூரியன் எழுமுன் நின்றிருந்தால் பனிக்கு மேல் மரமுடிகள் மட்டும் மிதப்பதைக் காணலாம்.

கேள்வி: வீட்டிலிருப்பது கைப்பேசி மட்டுமே. சிவந்த இலைகளை எடுத்தால் ஒன்று அழுக்குச் செங்கல் போல இருக்கிறது, அல்லது சிவப்புச் சாயம் கொட்டியது போல இருக்கிறது. என்ன செய்வது? (வாசகி, குடியாத்தம்)

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு. செங்கல் போலத் தெரிவதற்கு, நீங்கள் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுப்பது காரணமாக இருக்கலாம். மறுபக்கம் வந்து, வெயில் இலையை ஊடுருவி உங்களை நோக்கி வரும்படி நில்லுங்கள். அதே இலை விளக்கேற்றிய கண்ணாடி போல ஒளிரும். சூரியனை மட்டும் ஒரு கிளைக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள். சாயம் கொட்டியது போல ஆவதற்குக் காரணம் வெளிச்சம் மிகுந்துபோவது. திரையில் இலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒளியளவு அங்கேயே நிற்கும். பிறகு விரலைக் கீழே இழுத்துச் சற்று இருளச் செய்யுங்கள். சிவப்பு மிகுந்த படத்தில் இலை நரம்புகள் மறைந்துவிட்டால் பிறகு மீட்க வழியில்லை. படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸ் என்னும் அமைப்பு தானியங்கியாக இருந்தால் கைப்பேசி செந்நிறத்தைக் குறையென்று கருதித் திருத்திவிடும். மாற்றும் வசதி இருந்தால் பகல் வெளிச்சத்துக்கு வையுங்கள். மாசியில் நம் ஊரில் ஒன்பது மணிக்கே வெயில் வெளுத்துவிடும் என்பதால், எட்டரைக்குள் எடுத்து முடிப்பது நல்லது.

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் பங்குனி மாதத்தில் ஜவ்வாது மலைக் காட்டுக்குள் இரவு தங்கி, விடியலில் படம் எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். யோசனை கூறவும். (வாசகர், ஆம்பூர்)

பதில்: வேண்டாம், தம்பி. இலை நிறம் மாறி உதிரும் அதே காலம்தான் காட்டுத்தீயின் காலமும். முழங்கால் அளவு சருகும் காய்ந்த புல்லும் கிடக்கும் சரிவில் தீ, ஓடும் மனிதனைவிட விரைவாக மேலேறும். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி உயிரிழந்ததை நீங்கள் அறிவீர்கள். வனத்துறை அனுமதியின்றி ஒற்றையடிப் பாதையில்கூட இறங்காதீர்கள். ஜமுனாமரத்தூரில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் புறப்பட்டுச் சாலையோரத்திலிருந்தே எடுங்கள். மேலே நான் சொன்ன மரங்கள் பலவற்றைச் சாலையிலிருந்தே காணலாம். அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் அந்தப் பக்கம் கூடாது.

கேள்வி: எனக்கு வயது 71. முழங்கால் வலியால் மலையேற இயலாது. பேரன் ஒரு சிறிய கேமரா வாங்கித் தந்திருக்கிறான். நான் எதைப் படம் எடுப்பது? (வாசகி, வாலாஜாப்பேட்டை)

பதில்: அம்மா, உங்கள் தெருவில் யார் வீட்டு வாசலிலாவது பாதாம் மரம் நிற்கிறதா என்று பாருங்கள். நாட்டு வாதுமை என்று சொல்வோமே, அதுதான். ஆண்டுக்கு இரு முறை, தை மாசியிலும் ஆடியை ஒட்டியும், அது நன்றாகச் சிவந்து இலை உதிர்க்கும். மேப்பிளுக்குச் சிறிதும் குறையாத சிவப்பு. விழுந்த இலைகளில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, வாசல் நிழலில் நாற்காலியில் அமர்ந்தபடியே எடுங்கள். நேர் வெயில் வேண்டாம். எடுத்த படத்தை எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் இப்பகுதியின் தலைப்பில் அதை வெளியிடுவேன்.