பல வருடமாக ஒரே பாடத்தை நடத்தும் ஆசிரியர் புதிதாக எதைக் கற்றுக்கொள்ள முடியும்?

ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்திச் சலித்துவிட்டது, பயிற்சி வகுப்புக்குப் போனால் சான்றிதழ்தான் மிச்சம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கணக்கு ஆசிரியர்தான். பயிற்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும் கூட்டத்தை நன்றாகவே தெரியும்.

பயிற்சி வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கேட்டதை அந்த வாரமே வகுப்பில் முயன்று பார்க்காவிட்டால் அது நோட்டோடு போய்விடும். கற்பதற்கான சரக்கு முக்கால்வாசி நம் வகுப்பிலேயே கிடக்கிறது, அதுவும் பிள்ளைகள் எழுதும் தப்பான விடைகளில்.

0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள். சிலர் 0.35 என்பார்கள், 4-ஐ விட 35 பெரியதாயிற்றே! இன்னொரு பையன் 0.4 என்று சரியாகச் சொல்வான். அவனை விட்டுவிடாமல் "எப்படிச் சொன்னே?" என்று கேளுங்கள். "புள்ளிக்கு அப்புறம் நம்பர் கம்மியா இருந்தா பெரிசு சார்" என்பான். இதே பையன் 0.45-ஐ விட 0.3 பெரியது என்று எழுதப்போகிறவன். முதலாமவருக்கு ஒரு கேள்வி, இவனுக்கு வேறொரு கேள்வி தேவை. இப்படிப்பட்டவற்றைக் குறித்துவைக்கவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பட்டப்படிப்பில் இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. பாடம் தெரிந்திருப்பது வேறு, அது பிள்ளைக்கு எந்த இடத்தில் இடறும் என்று தெரிந்திருப்பது வேறு என்பதை 1986-இல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் எழுதினார். அந்த இரண்டாவது அறிவுக்கு எல்லையே கிடையாது.

அடுத்து, உங்கள் வகுப்பை ஒருநாள் போனில் பதிவு செய்து கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள், போதும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடிதான் பொறுத்தார்கள். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது. செலவே இல்லாத பயிற்சி. ஆனால் அந்த 3 வினாடி மௌனத்தைத் தாங்குவது லேசான காரியமில்லை!

ஜப்பானில் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு வழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். அப்புறம் சேர்ந்து பேசித் திருத்துவார்கள். கவனம் பிள்ளைகள் மேல் என்பதால், நடத்துபவரை எடைபோடுகிற தொந்தரவு குறைவு.

அதற்கு முழு ஏற்பாடு வேண்டியதில்லை, ஒரு சக ஆசிரியர் போதும். என் வகுப்பில் வந்து உட்காருபவர் தமிழாசிரியர். கணக்கு அவருக்கு ஆகவே ஆகாது. அதனாலேயே பிள்ளைகள் எங்கே விழிக்கிறார்கள் என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பதிலுக்கு அவருடைய யாப்பிலக்கண வகுப்பில் நான் போய் உட்காருகிறேன். நேரசையா நிரையசையா என்று குழம்பி, கை தூக்கிக் கேட்கலாமா வேண்டாமா என்று பக்கத்துப் பையனைப் பார்க்கும் அனுபவம் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைத்ததில்லை.