பைத்தான் சொன்னது பிஹெச்பிக்குக் கேட்டதா? – கடிதம்

அன்புள்ள சார்,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு வெப் அப்ளிகேஷன் எழுதுகிறேன். முழுக்க பிஹெச்பி மொழியில். விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலைக்கு மாதக் கடைசியில் பணம் கணக்கிடும் பகுதியை மட்டும் எனக்கு முன்னால் இருந்தவர் பைத்தான் மொழியில், பாண்டாஸ் என்ற கணக்குத் தொகுப்பை வைத்து எழுதியிருக்கிறார். டெர்மினலில் நன்றாக ஓடுகிறது. பிஹெச்பியிலிருந்து, வெளி நிரலை ஓட்டும் ஷெல்_எக்ஸெக் மூலம் கூப்பிட்டால் வெறும் வெள்ளைப் பக்கம். போல்டருக்கு 777 (யாரும் எதுவும் செய்யலாம் என்ற அனுமதி) கொடுத்தேன், சூடோவும் (அட்மின் அதிகாரம்) கொடுத்துப் பார்த்தேன். 'ஒரே வீட்டில் இரண்டு மொழி ஒத்துவராது, எல்லாவற்றையும் பைத்தானிலேயே திருப்பி எழுது' என்கிறார் நண்பர். ஜைத்தான் போல ஒன்றுக்குள் ஒன்றை ஓட்டும் வழியும் உண்டாமே? எது சரி? கோட் இணைத்திருக்கிறேன்.

– பெயர் வேண்டாம், கோத்தகிரி

அன்புள்ள தம்பி,

ஒரே வீட்டில் இரண்டு மொழி ஒத்துவராதா? இதை நீலகிரியில் உட்கார்ந்துகொண்டா சொல்கிறார்? வீட்டில் படுகு, கடைத்தெருவில் தமிழ், கூடலூர் பஸ்ஸில் மலையாளம் என்று மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று மொழி பேசிவிடுகிற ஊர் இது. ஓடுகிற கணக்கைக் கலைத்துத் திருப்பி எழுதாதீர்கள்.

ஜைத்தானை விடுங்கள். அது ஜாவாவுக்குள் ஓடுவது, பிஹெச்பிக்கு உதவாது. பைத்தான் 2.7-லேயே நிற்கிறது, பாண்டாஸும் அதில் ஓடாது. ஒன்றுக்குள் ஒன்றை ஓட்டுவதைத் தொடர்ந்து பராமரிப்பதும் கஷ்டம்: ஜாவாக்காரர்கள் ஜாவாஸ்கிரிப்டை உள்ளேயே ஓட்ட நாஷார்ன் என்று ஒன்றை 2014-ல் சேர்த்தார்கள். அந்த மொழி வளர்ந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2020-ல் எடுத்துவிட்டார்கள்.

777-ஐப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பூட்டு திறக்கவில்லை என்று சுவரை இடிப்பீர்களா? சூடோ அதைவிட மோசம். இரண்டையும் இன்றைக்கே திரும்ப எடுங்கள். டெர்மினலில் ஸ்கிரிப்ட் ஓடுவது உங்கள் பெயரில், பிரவுசர் வழியாக ஓடுவது வெப் சர்வருடைய யூசர் பெயரில். நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான உங்கள் பாத்தும், நீங்கள் ஆக்டிவேட் செய்த விர்ச்சுவல் என்விரான்மென்டும் (பாண்டாஸ் இருக்கும் தனி அறை) அந்த யூசருக்குத் தெரியாது. சிஸ்டத்தில் கிடக்கும் பைத்தானை எடுத்து ஓட்டி, பாண்டாஸ் இல்லையே என்று விழுந்திருக்கும். கமாண்டில் அந்த என்விரான்மென்டுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையையும் எழுதிப் பாருங்கள்.

இது என் ஊகம்தான். ஏன் ஊகிக்க வேண்டியிருக்கிறது? நாற்பது வரி கோட் அனுப்பியிருக்கிறீர்கள், பைத்தான் என்ன சொல்லிச் செத்தது என்று ஒரு வரி இல்லை.

எனக்குப் பத்து வயது. குன்னூரில் பக்கத்து வீட்டில் ஒரு படுகர் பாட்டி, ஹெத்தை என்றுதான் நாங்களும் கூப்பிடுவோம். அவருக்குப் படுகு மட்டும்தான். டாக்டர் கீழேயிருந்து வந்தவர், அவருக்குத் தமிழ்தான். தெருப் பையன்களோடு விளையாடிப் படுகு பழகியிருந்த என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். ஹெத்தை ஐந்து நிமிஷம் பேசினார். போன வாரம் கொடுத்த மாத்திரையைப் போட்டால் கண் இருட்டுகிறது, அதனால் நிறுத்திவிட்டேன் என்பதும் அதில் இருந்தது. "என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னால் ஹெத்தைக்குத் திட்டு விழுமே என்று பயந்து, "இன்னும் வயிறு வலிக்குதாம்" என்று முடித்துவிட்டேன். அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஹெத்தை வாசற்படியில் சரிந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். அப்போதும் அவர் சொன்னது: "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே டாக்டர் கொடுத்தார்."

ஷெல்_எக்ஸெக் அந்தப் பத்து வயதுப் பையன். எந்த நிரலுக்கும் இரண்டு வாய் உண்டு. விடையை ஒன்றிலும், புலம்பலை இன்னொன்றிலும் சொல்லும். ஷெல்_எக்ஸெக் முதல் வாயில் வந்ததை மட்டும் பிஹெச்பியிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். ஸ்கிரிப்ட் விடை சொல்லுமுன் செத்தாலும், பேச ஒன்றுமில்லாமல் ஒழுங்காக முடிந்தாலும், பிஹெச்பிக்குக் கிடைப்பது ஒரே வெறுமை. உங்கள் வெள்ளைப் பக்கம் அதுதான். கமாண்டின் கடைசியில் 2>&1 என்று சேர்த்தால் இரண்டும் ஒரே வாயில் வரும். இது பிழையைக் கண்டுபிடிக்கிற வரைக்கும்தான். நாளைக்கு ஸ்கிரிப்ட் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் விடை கொடுக்கும்போது ஒரு வார்னிங் நடுவில் புகுந்தால் ஜேசன் உடையும். அப்போது பிஹெச்பியின் இன்னொரு கட்டளையான ப்ராக்_ஓப்பனுக்கு மாறி இரண்டையும் தனித்தனிக் குழாயில் வாங்குங்கள். ஸ்கிரிப்ட் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணான எக்ஸிட் கோடையும் பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் பணப்பட்டியலைக் காட்டாதீர்கள். பாதிக் கணக்கை முழுக் கணக்கு என்று நம்பி ஒரு விவசாயி வீட்டுக்குப் போகக் கூடாது.

அப்புறம், விவசாயி எண்ணைக் கமாண்டில் அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். யாராவது அதில் வேறு கமாண்டை நுழைத்துவிடலாம், அதைத் தடுக்கும் எஸ்கேப்ஷெல்ஆர்க் போடாமல் அதை வெளியே விடாதீர்கள். மாதம் ஒருமுறை நடக்கிற கணக்குக்குப் பட்டன் எதற்கு என்றும் புரியவில்லை, இரவில் க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓட்டி டேட்டாபேஸில் போட்டுவிடலாம். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போதைக்கு 2>&1 சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். கோட் வேண்டாம். வருவதை அப்படியே ஒட்டி அனுப்புங்கள், தேவையில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிற வரியையும் சேர்த்து.